ஏழாவது காலம்

கலா என்றால் யாரோ பெண் என்று
இன்னமும் நினைக்கிறாள் அம்மா.
மஸ்கட்டில் அது தொழிற்பேட்டை.
மலையடிவாரம், லாரிகள், டயர்க் கடைகள்,
நடுவில் எங்கள் அலுவலகம்.

பிப்ரவரி முழுக்க
சைக்கிளில் வேலைக்கு வரும் போட்டி.
பத்தொன்பது பேர்.
கணக்குப் பிரிவு என்பதால்
எக்செல் என் தலையில் விழுந்தது.

ஏ காலத்தில் பெயர்,
பி-யில் நாள், சி-யில் கிலோமீட்டர்,
அப்புறம் கரைந்த கலோரி,
பெட்ரோலில் மிஞ்சிய பைசா,
எஃப்-இல் காற்றில் கலக்காமல் தப்பிய கரி.

எண்கள் பொய் சொல்லவில்லை.
சைலஜாவின் சர்க்கரை இறங்கிற்று.
கல்ஃபான் பாதி மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார்.
படியேறும்போதெல்லாம் முனகும் என் வலது முழங்கால்
பதினோராம் நாள் மௌனமானது.
அறுநூற்று நாற்பது ரியால் சைக்கிளைக்
காரின் கூரையில் கட்டி
அசைபா ரவுண்டானா வரை வந்து
அங்கிருந்து மிதிக்கிறார் குரியாகோஸ் சார்.
அதையும் சேர்த்தே கூட்டினேன்.
ரவுண்டானாவைக் கேட்க
எக்செல்லில் காலம் இல்லை.

மூன்றாம் நாள் தேநீரோடு வந்தார்
பேன்ட்ரி இன்னாசி.
'நோட்டீசை ஒட்டுனதே நான்தான் மேடம்.
நானும் சேரலாமா?'

ஆறு வருடமாக ஓட்டுகிறார்.
ஊருக்குத் திரும்பிய சிட்டகாங்காரர் ஒருவரிடம்
எட்டு ரியாலுக்கு வாங்கியது.
கியர் ஏழு, வேலை செய்வது ஒன்று.
கேம்ப் பஸ் ஏழு மணிக்கு;
பேன்ட்ரி திறக்க வேண்டியது ஆறுக்கு.

இருபதாவது வரிசையில் அவரை ஏற்றினேன்.
படிவம் கேட்டது:
சைக்கிள் இல்லாவிட்டால் எதில் வந்திருப்பீர்கள்?
கார், டாக்சி, பஸ், நடை.
'நடந்துதான்' என்றார்.
தட்டினேன்.
எஃப் காலத்தில் விழுந்தது
சுழியம்.

ஓட்டாத காரில்தான்
மிச்சம் பிடிக்க முடியுமாம்.
சூத்திரத்தை மூன்று முறை சரிபார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

'எவ்வளவு மேடம் வந்திருக்கு?'
திரையை லேசாகத் திருப்பிக்கொண்டு கேட்டேன்:
நடந்தால் எவ்வளவு நேரம்?
'எழுவது நிமிஷம்.'
சைக்கிளில்?
'இருவது. எதிர்க்காத்துன்னா கூட ரெண்டு.'
மிஞ்சுகிற ஐம்பதில் என்ன செய்வீர்கள்?
இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார்.
'தூங்குவேன்.'

அன்று மதியச் சோற்றை மறந்து
புதிதாக ஒரு காலம் நுழைத்தேன்.
ஜி.
போக ஐம்பது, வர ஐம்பது.
மாதம் இருபத்தாறு நாள்.
வருடத்தில் ஒரு மாத விடுப்பைக் கழி.
ஆறு வருடம்.
ஏறக்குறைய நூற்றுப் பத்தொன்பது நாள்.
எட்டு ரியால் சைக்கிளில்
இரவும் பகலுமாக நாலு மாதத் தூக்கம்
ஈட்டியிருக்கிறார் இந்த மனிதர்.
மற்றவர்களுக்கும் நிரப்பினேன்.
எல்லோருக்கும் கழித்தல் குறி.
குரியாகோஸ் சாருக்குத்தான் ஆக அதிகம்.

தலைமையகத்திலிருந்து மெயில்:
ஜி காலம் படிவத்தில் இல்லை. நீக்கவும்.

நீக்கவில்லை.
மறைத்தேன்.
வலது சொடுக்கில் இருக்கிறது அந்த வசதி,
நீக்குவதற்கு இரண்டு வரி கீழே.

பரிசளிப்பில் தலைக்கவசம் சாருக்கு.
கேக் வெட்டித் தட்டுகளில் வைத்தவர் இன்னாசி.
ஓரத்துண்டு ஒன்றை, கிரீம் அதிகம் உள்ளதாக,
என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

பெரிய திரையில் ஓடியது அட்டவணை.
எஃப்-க்கு அடுத்து ஹெச் வந்தது.
ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் பிறந்ததும் பதினேழு பேர் காருக்குத் திரும்பினார்கள்.
நான் இன்னும் ஓட்டுகிறேன், வெயில் முற்றும் வரை.
ஒரு நாள் மாதக் கணக்கு முடிக்க
விடிவதற்கு முன்பே கிளம்பினேன்.
வாதியைக் கடக்கும் மேட்டில் மூச்சு வாங்கி நிற்க
பின்னால் கிறீச் கிறீச்சென்று ஒரு செயின்.
மணி இல்லை அந்த சைக்கிளில்.
'ஓரமா மேடம்' என்றபடி
என்னைத் தாண்டிப் போனார்,
நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு.